ஓடுகிற சொல்லுக்கு எத்தனை மொச்சை

ஹெய்லோங்ஜியாங், வடக்குப் பண்ணை
3 செப்டம்பர் 1982

வான்சிங்,

நலம் விசாரிப்பதற்காக எழுதவில்லை. எனக்கு ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிய வேண்டும்.

எங்கள் பண்ணைக்குக் கடல் தாண்டி மூன்று அறுவடை இயந்திரங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நம் சந்து வீட்டைவிட உயரம். கூடவே ஒரு கைப்புத்தகம், முழுக்க முழுக்க ஆங்கிலம். அதில் பக்கத்துக்குப் பக்கம் ‘ரன்’ என்று ஒரு சொல் வருகிறது. எங்களிடம் இருக்கும் உள்ளங்கை அகராதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஓடு, கால்களால் வேகமாக நகர்.

பதினோராம் பக்கத்தில், வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ‘ரன்’ என்று இருக்கிறது. எங்கள் பிரிவுத் தலைவர் கெங் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்தி, "ஓடுங்கடா! வெளிநாட்டுக்காரன் காரணமில்லாம எழுத மாட்டான்" என்று கத்தினார். நான்கு நாட்களாக விடியற்காலையில் இயந்திரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறோம். ஐந்தாம் நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டால், "ஓடினா ரத்த ஓட்டத்துக்கு நல்லதுதானே, உனக்கென்ன நோவு?" என்கிறார்.

சோயா அறுவடைக்கு மூன்று வாரம்கூட இல்லை. ஒரு இயந்திரத்துக்கு நான்தான் ஓட்டுநர். அது கெட்டுப்போனால் பழி என் தலையில்தான் விடியும்.

நீ ஆலையில் வெளிநாட்டுக் கடிதங்களைப் படித்துச் சொல்கிறாய் என்று இங்கே என்கூட வேலை செய்யும் ஷாவுக்கு அவன் அக்கா ஊரிலிருந்து எழுதியிருந்தாள். ஆலை வேலை உனக்கு நன்றாக ஒத்துப்போயிருக்கிறது போல. சந்தோஷம்.

லிஷெங்


ஹாங்ஜோ, கோங்சென் பாலம்
14 செப்டம்பர் 1982

அண்ணா,

உறையின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கால்வாய்ப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாக ஒவ்வொரு குளிர்காலமும் உன்னிடமிருந்து மரக்காளான் பொட்டலம் வருகிறது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. இப்போது ஒரு முழுத் தாள்! ஒரு சொல்லுக்காகவாவது எழுதினாயே, அதுவே போதும்.

கெங் தலைவரை ஓடவேண்டாம் என்று சொல். ‘ரன்’ என்றால் அந்த இடத்தில் இயந்திரத்தை இயங்க விடுவது. பாரம் ஏற்றாமல் ஐந்து நிமிடம் சும்மா இயங்க விட்டால் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச்சேரும்.

உங்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. போன வருஷம் எங்கள் சாயப் பட்டறைக்கும் இதே சொல் வந்தது. வெளிநாட்டிலிருந்து பட்டுத் துணி வாங்கியவர்கள் ஒற்றை வரியில் புகார் எழுதியிருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த அர்த்தத்தில் படித்தால், ‘உங்கள் சிவப்பு ஓடுகிறது.’ சோதனை அறையில் எனக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் ஃபூ மாஸ்டர், "எங்க ஓடுது? யாராவது போய்ப் பிடிச்சுட்டு வாங்கப்பா" என்றார். கட்சிச் செயலாளர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சிவப்பு ஓடிப்போகுதுன்னு வெளிநாட்டுக்காரன் எழுதியிருக்கான். இது துணியைப் பத்தின பேச்சா எனக்குப் படலை. யாரும் வெளிய மூச்சு விடக் கூடாது." இரண்டு நாள் ஆலையே வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது.

வானொலியில் ஆங்கிலப் பாடம் கேட்கிறவள் என்று என்னை நகர நூலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருக்கும் பெரிய அகராதியில் அந்தச் சொல் ஏழு பத்தி நீளம். காலால் ஓடுவது முதல் பத்தியிலேயே முடிந்துவிடுகிறது. மூக்கு ஒழுகினால் அதே சொல். நதி போனாலும், சாலை ஊரைத் தாண்டிப் போனாலும் அதே சொல். ஆலையை நடத்துவது, உப்புத் தீர்ந்துபோவது, பழைய நண்பனைத் தெருவில் எதேச்சையாகச் சந்திப்பது, பட்டுக் காலுறையில் ஒரு இழை அறுந்து கணுக்கால்வரை விட்டுக்கொண்டே போவது, எல்லாவற்றுக்கும் அந்த மூன்றெழுத்துதான். துணியில் சாயம் தண்ணீரில் கசிந்து பரவுவதும் அதுதான். எங்கள் சிவப்பு அப்படித்தான் ஓடியிருக்கிறது. செயலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மூன்று நாள் அங்கேயே இருந்து எல்லாவற்றையும் அட்டைகளில் எழுதி வந்தேன். பட்டறையில் கழித்துப்போட்ட சாயமாதிரி அட்டைகள் அவை. ஒரு பக்கம் விரலளவு பட்டு ஒட்டியிருக்கும், மறுபக்கம் அர்த்தம். முதலில் பன்னிரண்டு அனுப்புகிறேன். மொத்தம் நாற்பத்தொன்று.

நீ எழுதியதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லவா?

வான்சிங்


வடக்குப் பண்ணை
1 அக்டோபர் 1982

வான்சிங்,

அட்டைகளுக்கு நன்றி. கெங் மட்டும் இன்னும் ஓடுகிறார். "நீங்க மெஷினை ஓட விடுங்க, நான் என் இதயத்தை ஓட விடுறேன்" என்று எங்களுக்கே பாடம் சொல்கிறார்.

பன்னிரண்டையும் ஓட்டுநர் அறைக் கண்ணாடியின் மேல்விளிம்பில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். இயந்திரம் நகர்ந்தால் அவையும் சுழல்கின்றன. ஒரு நிமிடம் நீலப் பட்டு தெரியும், அடுத்த நிமிடம் ‘நதி போவது’ என்று உன் கையெழுத்து தெரியும். இங்கே ஒரு சாலை தொடங்கினால் முடிகிற இடம் கண்ணுக்குத் தட்டுப்படாது. பொழுது விடிந்து மதியம்வரை நேராகப் போய், அங்கேயே சாப்பிட்டுவிட்டு, திரும்பி வந்தால் சாயங்காலம். சோயா காய்ந்து கலகலவென்று சத்தம் போடுகிறது. கொஞ்ச நேரத்தில் நான் ஓட்டுகிறேனா, நிலம் என் அடியில் ஓடுகிறதா என்றே தெரியாமல் போகிறது. நேற்று அப்படி ஒரு மயக்கத்தில் தூரத்தில் கோங்சென் பாலத்தின் வளைவைப் பார்த்தேன். கிட்டே போனால் வைக்கோல் போர்.

கைப்புத்தகத்தில் இன்னும் பல இடங்களில் அந்தச் சொல் நிற்கிறது. வரிகளைப் பின்பக்கம் பார்த்து எழுதியிருக்கிறேன். நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் இருப்பது அவசரம், ஏதோ எச்சரிக்கை மாதிரி பெரிய எழுத்தில் இருக்கிறது. மிச்ச அட்டைகளையும் அனுப்பு.

அம்மாவிடம் சொல். ஏன் சொல்லச் சொல்கிறேன் என்று கேட்காதே.

அவள் இன்னும் மொச்சைக்கொட்டை எண்ணுகிறாளா? சின்ன வயதில் நான் பாடம் வாசித்தால் எதிரே கிண்ணத்தோடு உட்கார்ந்துவிடுவாள். கட்டத் தாளில் ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி, ஒரு ஒலிக்கு ஒரு மொச்சை. எழுத்து இருக்கும் கட்டங்களை எண்ணி அத்தனை மொச்சையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்வாள், நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாகத் தட்டில் போடுவாள். ஒரு எழுத்துகூடத் தெரியாது அவளுக்கு. ஆனால் நான் ஒன்றை விழுங்கினால் கிண்ணத்தில் ஒரு கொட்டை மிஞ்சிவிடும். "எங்கடா முழுங்கினே? துப்புடா" என்று காதைத் திருகுவாள். காது இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

லிஷெங்


கோங்சென் பாலம்
18 அக்டோபர் 1982

அண்ணா,

நாற்பத்தொன்பதாம் பக்கத்தை முதலில் பார். தண்ணீர் இல்லாமல் பம்பை இயக்காதே என்று அர்த்தம். இயக்கினால் தேய்ந்து போய்விடும். கெங் தலைவர் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டிவை. மற்ற வரிகளுக்கும் எழுதியிருக்கிறேன். மிச்ச அட்டைகள் இருபத்தொன்பதும் இதோடு வருகின்றன.

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைக்காமலே உறையை வாங்கி முகவரியை மட்டும் பார்த்தாள். எண்ணுவதை அவள் விடவே இல்லை. உன் மரக்காளான் பொட்டலங்களின் மேல்துணியை மூன்று வருஷமாக மடித்து வைத்திருக்கிறாள். முகவரியில் பதினேழு எழுத்து. "இந்தத் தடவையும் பதினேழுதான். வீட்டை மறக்கலை" என்றாள்.

பிறகு அந்த ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்டாள். நாற்பத்தொரு அர்த்தம் என்றதும் அசந்துபோனாள். "அப்ப அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை மொச்சை போடறது?" ஒன்று என்றேன். "ஒண்ணு போட்டா நாற்பது மிஞ்சுமே. அந்த ஊர்ல பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்றாள். சிரிக்க முயன்றேன், வரவில்லை.

இங்கே மணப்பூ மரங்கள் பூத்துவிட்டன. சந்து முழுக்க அந்த வாசனைதான். முந்தாநாள் மதியம் சோதனைத் தொட்டியின் அருகிலேயே கண் அயர்ந்துவிட்டேன். கனவில் என் கையிலிருந்த சிவப்புப் பட்டிலிருந்து சாயம் கசிந்து கால்வாயில் இறங்குகிறது. படகுகளுக்கு அடியில் புகுந்து, பாலத்தைத் தாண்டி, வடக்கே வடக்கே போகிறது. நான் கரையில் அதன்கூடவே நடக்கிறேன். பனி தொடங்கும் இடத்தில் அது நின்றுவிட்டது. அங்கே நீ குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளி, "இது யாரோடது?" என்று கேட்கிறாய். நான் பதில் சொல்வதற்குள் ஃபூ மாஸ்டர் எழுப்பிவிட்டார்.

அட்டைகளை உறையில் போடும்போது அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "எவ்வளவு பெரிய மனசோட என்னோட இடத்தை அவன் உனக்கு விட்டுக்கொடுத்தான். நீ நாற்பது அட்டை என்ன, நாலாயிரம் அட்டை எழுதலாம்."

வான்சிங்


வடக்குப் பண்ணை
5 நவம்பர் 1982

வான்சிங்,

சோயா முடிந்துவிட்டது. பம்பு பிழைத்தது. பனி விழுகிறது. அதெல்லாம் கிடக்கட்டும்.

பெரிய மனசா? யாருக்கு?

உன் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. முதலில் அம்மா கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். அம்மாவுக்குக் கிண்டல் வரும், ஆனால் இந்த விஷயத்தில் வராது. நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, வான்சிங். நான் கேட்டேன்.

நகரத்துப் பிள்ளைகள் கிராமத்தில் போய் உழைக்கவேண்டும் என்ற அரசாங்க உத்தரவில், பதினேழு வயதில் என்னை ரயில் ஏற்றினார்கள். ஒன்பது வருஷம் கழித்து, எழுபத்தொன்பதில், அம்மா ஓய்வு பெறப்போவதாக நீ எழுதினாய். அவள் வேலைக்குப் பிள்ளைகளில் ஒருவர் வரலாம், ஒருவர்தான் வரலாம், யாருக்கு என்று கேட்டிருந்தாய். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கொட்டடியில் இருபது படுக்கை ஏழாகிவிட்டது. நான் பன்றிக் கொட்டகையில் உட்கார்ந்து, விரல் விறைத்துப்போய், கட்டத் தாளில் அம்மாவுக்கு எழுதினேன். வெட்கத்தை விட்டு எழுதினேன். ‘அம்மா, எனக்கு இங்கே முடியவில்லை. அந்த இடத்தை எனக்குக் கொடுங்கள். வான்சிங் சின்னவள், அவளுக்கு இன்னொரு வழி பிறக்கும். எனக்கு வேறு வழி இல்லை. என்னை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.’

பதில் உன் கையெழுத்தில் வந்தது. அம்மா சொல்லி நீ எழுதியது. ‘இடம் வான்சிங்குக்கு ஆகிவிட்டது. நீ அங்கேயே நன்றாக இரு.’ இரண்டே வரி.

கெஞ்சின பிள்ளைக்கு இரண்டு வரி. அதனால்தான் நான் எழுதுவதை நிறுத்தினேன். வருஷா வருஷம் வரும் ஊர் விடுப்பையும் எடுக்கவில்லை. என்னை வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது?

நான் விட்டுக்கொடுத்தேன் என்று அம்மாவிடம் யார் சொன்னது?

லிஷெங்


கோங்சென் பாலம்
22 நவம்பர் 1982

அண்ணா,

நான்தான்.

இதை எழுத இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மை காய்ந்துபோயிற்று. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் ஒரு மதிய நேரத்தில் வந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளி முடித்து இரண்டு வருஷம், வேலைக்குக் காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் கிடந்தது. தெருக்குழுவில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரி காதில் விழுகிற மாதிரி, "வளர்ந்த பொண்ணு, தின்னுட்டுத் தூங்குது" என்பாள். அம்மா அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். "படி, என்ன எழுதியிருக்கான்?" என்றாள்.

முதல் இரண்டு வரியை ஒழுங்காகப் படித்தேன். உடம்பு, குளிர், பன்றிக்குட்டிகள். பிறகு ‘முடியவில்லை’ என்ற இடம் வந்தது. என் கண் அதைப் பார்த்தது, வாய் வேறு எதையோ சொல்லிற்று. ‘அம்மா, எனக்கு இங்கே பழகிவிட்டது. இடத்தைத் தங்கைக்கே கொடுங்கள்.’ இவ்வளவுதான் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை, அண்ணா. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அன்று மேஜையில் மொச்சைக் கிண்ணம் இல்லை. நல்லவேளை என்று நினைத்தேன். அம்மா கஞ்சியையே கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, அப்படியே ஆகட்டும். அவனுக்கு நல்லபடியா ஒரு பதில் எழுது" என்றாள். நல்லபடியாக நீளமாக எழுதியிருந்தால் நீ திருப்பி ஏதாவது கேட்பாய். அதனால் இரண்டு வரி. அந்த இரண்டு வரியும் அம்மாவுடையது இல்லை, என்னுடையது. அவள் உன்னை வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

மூன்று வருஷமாக அவளுடைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அவள் நின்ற தொட்டியின் முன்னால் நிற்கிறேன். பாதி சம்பளத்தைத் தனியாக எடுத்து உனக்கு அனுப்பலாமா என்று நினைப்பேன். காசால் அடைகிற ஓட்டையா இது? துணியை மூன்று தடவை வெந்நீரில் முக்கி எடுத்து, சாயம் கசிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு தடவையும் உன் ஞாபகம் வரும். உன்னிடமிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுக் கடிதம் வந்தபோது, இவனே வந்து கதவைத் தட்டிவிட்டான், இனி ஒளிய இடமில்லை என்றுதான் நினைத்தேன். அம்மா சொன்ன அந்த வரியை உனக்கு எழுதியதும் தெரிந்தே எழுதியதுதான். நேராகச் சொல்லத் தைரியம் இல்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கப்போவதில்லை. முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். கைப்புத்தகத்தில் எந்த வரி புரியாவிட்டாலும் அனுப்பு. அதையாவது சரியாகப் படித்துச் சொல்கிறேன்.

படிக்கட்டில் அம்மாவின் சத்தம் கேட்கிறது.

வான்சிங்


வடக்குப் பண்ணை
27 டிசம்பர் 1982

வான்சிங்,

உன் கடிதம் வந்து நான்கு வாரம் ஆகிறது.

அன்றைக்கே இயந்திரக் கொட்டகைக்குப் போய் அட்டைகளை எல்லாம் கம்பியிலிருந்து கழற்றினேன். அடுப்பில் போடத்தான் எடுத்து வந்தேன். முதலில் சிவப்பைப் போட்டேன். பட்டு எரிந்தால் தலைமுடி எரிகிற நாற்றம் வரும் என்று எனக்குத் தெரியாது. கொட்டடி முழுக்கப் பரவிற்று. கெங் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "யாருடா முடியைக் கொளுத்தறது? தங்கச்சி எழுதினதை எரிக்கிற அளவுக்கு என்னடா கோபம்?" அவர் மிச்சத்தைப் பிடுங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "எனக்கு நாற்பது அர்த்தமும் வேணும். அடுத்த வருஷம் ஒரு அர்த்தத்துக்கு ஒரு சுற்று ஓடப்போறேன்" என்றார்.

அதன்பிறகு தினமும் பனியில் வெகுதூரம் நடந்தேன். இங்கே பனியில் நடந்தால் சத்தமே இருக்காது. வெள்ளைக்குள் வெள்ளையாக எல்லாம் கரைந்து, நடக்கிறோமா நிற்கிறோமா என்றே தெரியாது. அந்த நிசப்தத்தில் உன்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் திட்டித் தீர்த்தேன். கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். கேட்க ஆளில்லை. ஒருநாள், பத்தொன்பது வயதில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உன்னைப் பார்த்தேன். நான் ரயில் ஏறிய அன்று உனக்குப் பத்து வயது. நடைமேடையில் ரயிலோடு கூடவே ஓடிவந்தாய். ஒரு செருப்பு கழன்று விழுந்தது, நீ நிற்கவில்லை. அதற்குமேல் திட்ட வரவில்லை. கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இருக்கிறது.

இதோடு அம்மாவுக்கு ஒரு கடிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். கட்டத் தாளில் எழுதியிருக்கிறேன். நீ முன்னாடியே பிரித்துப் பார்க்காதே. அம்மா முன்னால், மேஜையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, முதல் தடவையாகப் படி. எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறது என்று முதலில் அம்மா எண்ணிக்கொள்ளட்டும்.

இந்தத் தடவை ஒன்றுகூட விழுங்காதே.

லிஷெங்


கோங்சென் பாலம்
10 ஜனவரி 1983

அண்ணா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் மேஜையின் பாதிவரை வந்திருந்தது. நீ சொன்னபடி உறையைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுத்தேன். அவள் தாளை விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டு, எழுத்து இருக்கும் ஒவ்வொரு கட்டத்தின்மேலும் ஒரு மொச்சையை வைத்தாள். தாளில் மொச்சை முளைத்த மாதிரி இருந்தது. பிறகு எல்லாவற்றையும் கிண்ணத்தில் வழித்தாள். ஐம்பத்தெட்டு.

"அம்மா, அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல படி. பேச்செல்லாம் அப்புறம்."

படித்தேன். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு மொச்சை தட்டில் விழுந்தது. நீ விடுப்பு வாங்கிவிட்டதையும், ஜனவரிக் கடைசியில் ரயில் ஏறுவதையும், பிப்ரவரியில் வரும் நம் புத்தாண்டுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பதையும் படித்தேன். மரக்காளானை இந்தத் தடவை நீயே சுமந்து வருவதைப் படித்தேன். அம்மாவின் கை வேகமாகிவிட்டது, என் வாயை முந்திக்கொண்டு இரண்டு தடவை விழுந்துவிட்டது. எடுத்துத் திரும்பக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு கடைசி வரி வந்தது. நான் நிறுத்திவிட்டேன்.

அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள். "இன்னும் நாலு இருக்கே."

"அவ்வளவுதான்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே என் முகம் எரிந்தது. மறுபடியும் அதையே செய்துவிட்டேன், அண்ணா. வாய் தானாகச் செய்தது.

அவள் கோபப்படவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, உன் பொட்டலத் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு கட்டத் தாளை எடுத்து வந்தாள். மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. எழுபத்தொன்பதில் நீ எழுதியது.

"அன்னைக்கு நீ படிச்சப்ப கஞ்சிக் கரண்டியால எண்ணினேன். அறுபத்தொண்ணு கிண்டு. நீ வேலைக்கு மனுக் குடுக்கப் போனப்புறம் தாள்ல மொச்சை வச்சுப் பார்த்தேன். தொண்ணூத்தாறு."

மூன்று வருஷமும் தெரியுமா? ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"யார்கிட்ட கேக்கறது? கேட்டா அதுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுடும். அவன் கூப்பிடுன்னுதான் எழுதியிருப்பான்னு வயித்துக்குத் தெரியாதா? தெரிஞ்சா ரெண்டு பேர்ல ஒருத்தரை நானே என் வாயால தள்ளணும். தெரியாத வரைக்கும் நான் யாரையும் தள்ளலைன்னு நினைச்சுக்கிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாதே, என்னை யார் கேப்பான்னு அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன்." மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள், "அவனுக்கு எழுது. தப்பு உன்னோடது பாதி, என்னோடது பாதி. அவன் வரட்டும், ரெண்டு பேரும் நின்னு வாங்கிக்குவோம்."

பிறகு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னைக்கு முப்பத்தஞ்சை விட்டுட்டேன். இன்னைக்கு நாலைக்கூட விட மாட்டேன். படிடீ."

அண்ணா, அந்த நான்கு எழுத்தும் என்னை என்ன செய்தன என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திட்டியிருந்தால் படித்திருப்பேன். திருடி என்று எழுதியிருந்தால் கணீரென்று படித்திருப்பேன். நீ ஏன் அதை எழுதினாய்? கோபம் இருக்கிறது என்று எனக்கு எழுதிவிட்டு, அம்மாவுக்கு ஏன் அதை எழுதினாய்?

ஒவ்வொன்றாகப் படித்தேன். அம்மா ஒவ்வொன்றாகப் போட்டாள்.

‘தங்கச்சியைத் திட்டாதீங்க.’

கிண்ணம் காலியாகிவிட்டது.

வான்சிங்